பழைய வண்டியும் புதிய வலுவும்



பழைய பிக்கப் வண்டியொன்றை வாங்கி, அதனைத் தம் கையாலேயே மாற்றியமைக்க விரும்புவோர் நம்மிடையே பலர் உளர். அவர்களுக்கு வழிகூற நான் பொறியியலாளன் அல்லன்; கலைப் பட்டம் பெற்றுப் பாடசாலையொன்றை நடத்துபவன். எனினும், என் தந்தையாரின் மொறிஸ் மைனர் பிக்கப்பின் கீழே படுத்தெழுந்த அனுபவம் எனக்குண்டு. அவ்வனுபவம் கற்பித்த பாடம் ஒன்றே: வண்டியில் ஒன்றை மாற்றுவோர், அதனோடு தொடர்புற்ற மற்றவற்றுக்கும் கணக்குக் கொடுத்தல் வேண்டும்.

1990 ஆம் ஆண்டிலே போர் மீண்டும் மூண்டபின், யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. பெற்றோல் எளிதில் ஆவியாகும்; மண்ணெண்ணெய் ஆவியாவதற்கு மிகுந்த சூடு வேண்டும். ஆதலால், காபரேற்றரிற் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். நோயாளரையும் நெல்மூடைகளையும் அவ்வண்டி அவ்வாறே சுமந்தது.

சில மாதங்களின் பின் ஒரு புதுமை கண்டோம். எஞ்சின் ஒயிலின் மட்டம் குறையவில்லை; ஏறிக்கொண்டிருந்தது. "வண்டி ஒயில் குடிக்குதில்லை" என்று தந்தையார் மகிழ்ந்தார். அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. ஆவியாகாது எஞ்சிய மண்ணெண்ணெய் சிலிண்டரின் சுவர் வழியே வழிந்து, கீழேயுள்ள ஒயிலிற் கலந்திருந்தது. நீர்த்துப்போன ஒயில் உராய்வைத் தடுக்கவில்லை. பெயரிங்குகள் தேய்ந்து எஞ்சின் தட்டத் தொடங்கிற்று. எரிபொருளை மாற்றிய நாங்கள், ஒயிலை அடிக்கடி மாற்ற மறந்தோம். கணக்கில் ஒரு வரி விடுபட்டது.

2002 ஆம் ஆண்டிலே ஏ-9 வீதி திறக்கப்பட்டது, உதிரிப்பாகங்களும் வந்தன. அப்பொழுது என் தம்பி, அவ்வண்டிக்கு வலுமிக்க யப்பானிய டீசல் எஞ்சின் பூட்ட விரும்பினான். அதற்கு முன்னதாகவே, ஒருநாட் காலையிற் பழைய எஞ்சினோடு சென்று கொண்டிருந்தபோது, பிறேக் மிதி தரைவரை இறங்கிவிட்டது. முன்னே வீதியிற் பாடசாலைப் பிள்ளைகள். தம்பி கைப்பிறேக்கை இழுத்து, வண்டியைப் பனையோலை வேலியொன்றிற் சாய்த்து நிறுத்தினான். எவருக்கும் காயமில்லை. அன்று முழுவதும் அவன் அதிகம் பேசவில்லை.

சில்லைக் கழற்றிப் பார்த்தோம். சிலிண்டரின் றப்பர் வளையம் ஊதிக் கிழிந்திருந்தது. அருமைப்பட்ட காலத்தில் யாரோ எஞ்சின் ஒயிலை அதனுள் விட்டிருந்தனர். 'பிறேக் ஒயில்' என்று நாம் வழங்கும் திரவம் உண்மையில் எஞ்சின் ஒயிலின் இனமன்று. கனிம எண்ணெய் பட்டால் அந்த றப்பர் கெட்டுவிடும். மேலும், அவ்வகைப் பழைய வண்டிகளில் நான்கு சில்லுகளுக்கும் திரவப் பாதை ஒன்றே. ஓரிடத்தில் ஒழுகினால் நான்கும் கைவிட்டன.

இங்கே ஒரு கணக்கை நோக்குக. வண்டியின் இயக்கச் சக்தி வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப வளர்வது. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகம் 60 ஆனால், வேகம் ஒன்றரை மடங்கே. பிறேக் அடக்க வேண்டிய சக்தியோ இரண்டேகால் மடங்கு. மொறிஸ் மைனரைச் செய்தோரும் இதனை உணர்ந்திருந்தனர். 1962 ஆம் ஆண்டிலே அதன் எஞ்சினை 948 கன சென்ரிமீற்றரிலிருந்து 1098 ஆகப் பெருப்பித்தபோது, முன் பிறேக் உருளைகளையும் 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாக்கினர். ஆக்கியோனே இவ்வாறு செய்தானெனில், வீட்டு முற்றத்தில் மாற்றுவோர் எவ்வளவு கவனமாயிருத்தல் வேண்டும்!

ஆகவே, பணியின் ஒழுங்கு இதுவாகட்டும். முதலில் அடிச்சட்டத்தைச் சுத்தியலாற் தட்டித் துருவைத் தேடுக. அடுத்துப் பிறேக்கின் குழாய்களையும் றப்பர்களையும் புதுப்பிக்குக. அதன்பின் ஸ்ரியறிங்கும் ரயரும். பாரமான டீசல் எஞ்சினாயின், முன்பக்கத்தைத் தாங்கும் முறுக்குத் தண்டுகள் அப்பாரத்தைப் பொறுக்குமா என்று அறிந்தவரிடம் கேட்குக. மின்னிணைப்பிலும் விழிப்பு வேண்டும்: அக்காலப் பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் பற்றரியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருக்கும், அதனை அறியாது இன்றைய கருவிகளைப் பூட்டினால் அவை எரிந்துபோம். எஞ்சினுக்கு இறுதியிடமே உரியது. எஞ்சின் இலக்கம் பதிவுச் சான்றிதழில் உள்ளதாகையால், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கும் அறிவித்தல் வேண்டும். ஜக்கை மட்டும் நம்பி ஒருபோதும் வண்டியின் கீழே செல்லற்க. உறுதியான தாங்கிகளை வைத்த பின்னரே செல்க.

தம்பி அவ்வொழுங்கையே பின்பற்றினான். பிறேக் முழுவதும் புதிதாயிற்று. கையிலிருந்த பணமும் தீர்ந்தது. டீசல் எஞ்சின் வாங்கப்படவேயில்லை. பழைய எஞ்சினையே பிரித்துப் பெயரிங்குகளை மாற்றிப் பூட்டினோம். அவ்வண்டி இன்றும் மெதுவாகவே ஓடுகின்றது. ஆனால், நிறுத்த வேண்டிய இடத்தில் நிற்கின்றது.