பன்னிரண்டு அடியில் ஒரு மைதானம்

மினசோட்டாவில் ஜனவரி மாதம். வெளியே கோல்ஃப் மைதானங்கள் எல்லாம் பனிக்கு அடியில் கிடக்கின்றன. ஒரு வீட்டின் பேஸ்மென்டில் அரைக்கைச் சட்டை போட்ட ஒருவர் மட்டையை ஓங்கிச் சுழற்றுகிறார். பந்து பன்னிரண்டு அடி தள்ளித் தொங்கும் திரையில் 'தொம்' என்று மோதிக் கீழே விழுகிறது. திரைக்குள் அதே பந்து வானில் ஏறி, கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் வளைந்து, 200 மீட்டருக்கு அப்பால் ஸ்காட்லாந்துக் கடற்கரைப் புல்லில் உருண்டு நிற்கிறது. அவர் முகத்தைச் சுளிக்கிறார். வலப்பக்கம் போனது தன் தப்பு என்று அவருக்குத் தெரியும். திரைக்கு எப்படித் தெரிந்தது?

இதற்காகவே அமெரிக்காவில் வசதியுள்ள கோல்ஃப் பைத்தியங்கள் வீட்டுக்குள் ஓர் அறையைக் கட்டுகிறார்கள். கோல்ஃப் சிமுலேட்டர் என்று பெயர். பாவனை அறை என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். சிக்கனமாக முடிக்க நினைத்தால் கார் ஷெட்டில் ஒரு வலையும் ஒரு சின்னக் கருவியும் போதும், சில லட்சங்களில் வேலை முடிந்துவிடும். குறை வைக்காமல் கட்டினால் 60,000 முதல் 80,000 டாலர் வரை போகும். டாலருக்கு 85 ரூபாய் என்று கணக்குப் போட்டால், 50 லட்சத்தில் தொடங்கி 70 லட்சத்தை நெருங்கும். அவ்வளவு பெரிய திரைக்கும் பளபளக்கும் படத்துக்கும்தான் இந்தப் பணம் போகிறது என்று தோன்றும். உண்மையில் படம் மலிவு. கருவிகளைப் பொறுத்தவரை, பந்துக்கு என்ன நேர்ந்தது என்று தெரிந்துகொள்வதற்குத்தான் விலை.

பந்தை முதலில் கையில் எடுத்துப் பார்ப்போம். விதிப்படி எடை 45.93 கிராமுக்கு மேல் போகக் கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது. ஒரு பெரிய நெல்லிக்காய் அளவு, மேலே முந்நூற்றுச் சொச்சம் குழிகள். தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவர் 'டிரைவர்' எனப்படும் நீள மட்டையால் இதை அடித்தால் வினாடிக்குச் சுமார் 75 மீட்டர் வேகத்தில் கிளம்பும். மணிக்கு 270 கிலோமீட்டர். பேஸ்மென்ட் ஆசாமியின் அடி இதைவிடக் குறைவாக இருந்தாலும் ஆச்சரியமில்லை, ஆனாலும் கணக்குக்கு இதையே வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு அடியைக் கடக்க ஒரு வினாடியில் இருபதில் ஒரு பங்கு. ஒருமுறை கண் சிமிட்ட இதைப்போல் இரண்டு மடங்கு நேரமாவது ஆகும். மைதானத்தில் அதே பந்து ஆறு வினாடிக்கு மேல் பறந்திருக்கும். அதாவது பயணத்தின் முதல் ஒரு சதவீதத்தைக்கூட முழுசாகப் பார்க்காமல், மீதி 99 சதவீதத்தைச் சொல்லியாக வேண்டும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். இங்கே அந்த ஒரு பருக்கையும் மணிக்கு 270 கிலோமீட்டரில் ஓடுகிறது.

சொல்ல முடிகிறது என்பதற்குக் காரணம், பந்தின் தலைவிதி மட்டையைத் தொட்ட கணத்திலேயே முடிவாகிவிடுவதுதான். அந்தத் தொடுகை நீடிப்பது அரை மில்லிவினாடி. அதற்குள் பந்து சப்பாத்தி மாவு உருண்டைபோல ஒரு பக்கம் நசுங்கி, மட்டையின் முகத்தில் ஒட்டி, மீண்டும் உருண்டு, பின்னோக்கிச் சுழன்றபடி புறப்படுகிறது. பிறகு யாராலும் அதை எதுவும் செய்ய முடியாது. காற்றும் புவியீர்ப்பும் மட்டும்தான் பாக்கி. எனவே ஐந்து எண்கள் போதும்: வேகம், எழும் கோணம், பக்கவாட்டுத் திசை, சுழற்சியின் வேகம், சுழலும் அச்சின் சாய்வு. ஐந்தும் கிடைத்தால் மிச்சத்தைக் கணினி படிப்படியாகக் கூட்டிவிடும். ஆனால் எண்கள் துல்லியமாக இருக்க வேண்டும். திசையில் ஒரே ஒரு பாகை பிசகினால், 250 மீட்டர் தள்ளிப் பந்து நான்கு மீட்டருக்கு மேல் விலகி விழும். புல்லில் விழுந்ததா, புதரில் விழுந்ததா என்பதே அந்த நான்கு மீட்டர்தான்.

ஐந்தில் விஷமக்காரன் சுழற்சி. பின்னோக்கிச் சுழலும் பந்து தன்னைச் சுற்றிய காற்றைக் கீழ்நோக்கித் திருப்பிவிடுகிறது. பதிலுக்குக் காற்று பந்தை மேலே தூக்குகிறது. 1852-இல் இதை ஆராய்ந்த ஜெர்மானியர் ஹைன்ரிஷ் மேக்னஸின் பெயரால் இது மேக்னஸ் விளைவு. சுழலும் அச்சு கிடைமட்டமாக இருந்தால் தூக்கு நேர் மேலே. மட்டையின் முகம் கொஞ்சம் திறந்திருந்து அச்சு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால், தூக்கும் சாய்ந்துவிடும். விமானம் இறக்கையைச் சாய்த்துத் திரும்புவதுபோலப் பந்து வளைந்து போகும். நம் ஆள் முகம் சுளித்தது இந்தச் சாய்வைப் பார்த்துத்தான். வலக்கைக்காரர்களின் தீராத வியாதி இது, 'ஸ்லைஸ்' என்பார்கள்.

இந்தச் சுழற்சியை முதலில் அளந்த விதம் எனக்கு மிகவும் பிடித்த கதை. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பீட்டர் கத்ரி டெய்ட் என்ற இயற்பியல் பேராசிரியர். அவருடைய மகன் ஃப்ரெடி, பிரிட்டிஷ் அமெச்சூர் கோல்ஃப் பட்டத்தை 1896, 1898 என இரண்டு முறை வென்றவர். பந்து சுழல்கிறதா என்று தெரிந்துகொள்ள அப்பா செய்தது இவ்வளவுதான்: பந்தில் ஒரு நாடாவைக் கட்டி அடிக்கச் சொன்னார். பிறகு நாடாவில் விழுந்த முறுக்குகளை எண்ணினார். எலக்ட்ரானைக் கண்டுபிடித்த ஜே.ஜே. தாம்சன் 1910-இல் கோல்ஃப் பந்தைப் பற்றி லண்டனில் ஒரு சொற்பொழிவே ஆற்றினார். 

இன்றைய நாடாவுக்கு 'லாஞ்ச் மானிட்டர்' என்று பெயர். ஏவல் அளவி என்று வைத்துக்கொள்ளலாம். உயர்ரகக் கருவி ஒன்றுக்குச் சுமார் 15,000 முதல் 25,000 டாலர். ஒரு நல்ல காரின் விலையை ஒரு பெட்டிக்குள் அடைத்த மாதிரி. இதில் இரண்டு ஜாதி.

முதல் ஜாதி கேமரா. பந்தின் பக்கத்திலோ கூரையிலோ இருந்துகொண்டு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை மின்னலாகப் பாய்ச்சி, அடுத்தடுத்துப் படம் பிடிக்கும். ஒரு மில்லிவினாடி இடைவெளியில் இரண்டு படங்கள் என்று வையுங்கள். அதற்குள் பந்து ஏழரை சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். டிரைவர் அடியில் பந்து நிமிடத்துக்குச் சுமார் 2,700 தடவை சுழலும்; அந்தக் கணக்கில் இரண்டு படங்களுக்கு நடுவே அது திரும்பியிருப்பது 16 பாகைதான். கடிகாரத்தில் மூன்று நிமிடத்துக்கு நிமிட முள் நகர்வதைவிடத் துளி குறைவு. பந்தின் மேலுள்ள முத்திரையும் குழிகளும் எவ்வளவு இடம்மாறின என்று பார்த்து வேகம், அச்சு எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுகிறது. நமக்கு இரண்டு கண்கள் இருப்பதால் தூரம் தெரிவதுபோல, இதற்கும் ஒன்றுக்கு மேற்பட்ட கேமராக்கள்.

இரண்டாவது ஜாதி ராடார். கிரிக்கெட் ஒளிபரப்பில் பந்துவீச்சின் வேகத்தைக் காட்டும் அதே தத்துவம். டென்மார்க்கில் 2003-இல் தொடங்கிய டிராக்மேன் இதில் பெரிய பெயர். அதை நிறுவியவர்களில் ஒருவரான ஃப்ரெட்ரிக் டக்ஸன், அதற்கு முன் ராணுவத்துக்காகப் பீரங்கிக் குண்டுகளைப் பின்தொடரும் ராடார்களில் வேலை செய்தவர். கருவி வினாடிக்கு 2,400 கோடி முறை அதிரும் அலையை அனுப்புகிறது என்று கொள்வோம். விலகி ஓடும் பந்தில் பட்டுத் திரும்பும்போது அந்த எண்ணிக்கை சுமார் 12,000 குறைந்திருக்கும். ரயில் நம்மைத் தாண்டிப் போனதும் ஹாரன் சுருதி இறங்குமே, அந்த டாப்ளர் விளைவுதான். 20 லட்சத்தில் ஒரு பங்கு வித்தியாசம்! ஆனால் அனுப்பிய அலையையும் திரும்பிய அலையையும் கலந்தால், வித்தியாசம் மட்டும் தனியாக வந்து நிற்கும். 12,000 அதிர்வு என்பது காதில் கேட்கக்கூடிய ஒலியின் அளவு. சாதாரண மின்னணுவியலே அதை எண்ணிவிடும்.

ராடாருக்கு வீட்டுக்குள் ஒரு சங்கடம் உண்டு. பன்னிரண்டு அடிக்குள் பந்து இரண்டு சுற்றுதான் சுற்றும். சீரான உருண்டை; ராடாருக்கு எந்தப் பக்கமும் ஒன்றுபோலத்தான் தெரியும். தீர்வு என்ன தெரியுமா? பந்தின் மேல் பொட்டுபோல ஒரு சின்ன உலோகத்தாள் வில்லையை ஒட்டுவது. பந்து சுற்றச் சுற்ற அந்தப் பொட்டு ராடாருக்கு மினுக்கும். மினுக்கலை எண்ணினால் சுழற்சி கிடைத்துவிடும். 20,000 டாலர் கருவிக்குப் பக்கத்தில் ஸ்டிக்கர் பொட்டு அட்டை! டெய்ட் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார். இப்போது இந்த உலோகக் குறியை உறைக்குள்ளேயே வைத்துத் தயாரித்த பந்துகளும் கிடைக்கின்றன.

அளந்தாயிற்று. இப்போது பந்தை நிறுத்த வேண்டும். 46 கிராம்தானே என்று நினைக்க வேண்டாம். மணிக்கு 145 கிலோமீட்டரில் வரும் கிரிக்கெட் பந்தின் ஆற்றலும் இதன் ஆற்றலும் ஏறக்குறைய ஒன்று. இரண்டும் 130 ஜூல். அதை ஒரு துணி வாங்கிக்கொள்கிறது, அதுவும் அடுத்தடுத்து ஆயிரக்கணக்கான முறை. மோதுதிரை என்பது பாலியெஸ்டர் நூலைப் பல அடுக்காக நெருக்கிப் பின்னியது. சூட்சுமம் துணியில் பாதி, கட்டுவதில் பாதி. விறைப்பாக இழுத்துக் கட்டினால் மத்தளம்போல் பந்தைத் திருப்பி முகத்தில் அடிக்கும். தளர விட்டால் படத்தில் சுருக்கம் விழும். நல்ல ஃபீல்டர் கேட்ச் பிடிக்கும்போது கையைப் பின்னால் இழுத்துக்கொள்வார் அல்லவா? திரையும் அப்படித்தான் பின்வாங்க வேண்டும். அதற்காக ரப்பர் கயிற்றில் தொங்கவிட்டு, பின்னால் ஒரு அடிக்கு மேல் வெற்றிடம் விடுகிறார்கள். சட்டத்தின் இரும்புக் குழாய்களுக்கெல்லாம் பஞ்சு உறை. குழாயில் பட்ட பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. நின்று அடிக்கும் பாயோடு சேர்த்து இந்த வேலைக்கு 3,000 முதல் 5,000 டாலர்.

படம் காட்டும் புரொஜெக்டருக்கும் கிட்டத்தட்ட அதே செலவு. ஆடுபவரின் நிழல் திரையில் விழக் கூடாது என்பதால், அவர் தலைக்கு மேலே கூரையில் தொங்கிக்கொண்டு, மிகக் குறைந்த தூரத்திலிருந்து அகலமாகப் பாய்ச்ச வேண்டும். இவற்றில் பலவற்றின் வயிற்றில் விரல்நகம் அளவுள்ள ஒரு சில்லு. அதன் மேல் 20 லட்சம் குட்டிக் கண்ணாடிகள், ஒவ்வொன்றும் தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை இப்படியும் அப்படியும் சாய்ந்து ஒளியைத் திருப்புகின்றன. டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் லாரி ஹார்ன்பெக் 1987-இல் கண்டுபிடித்தது. '4கே' படத்துக்கு 83 லட்சம் புள்ளிகள் வேண்டுமே என்றால், அதே கண்ணாடிகளின் பிம்பத்தை இம்மி இம்மியாக நான்கு இடத்துக்கு நகர்த்திக் காட்டி நம் கண்ணை ஏமாற்றிவிடுகிறார்கள். இத்தனை வேகத்திலும், வினாடிக்கு 60 படம் காட்டும் திரையில், பந்து கிளம்பி வந்து மோதுவதற்குள் மாறுவது மூன்றே படங்கள்.

திரையில் தெரியும் மைதானமும் ஓவியர் கற்பனையில் வரைந்தது அல்ல. விமானத்திலிருந்து லேசர் கதிரைத் தரையில் தட்டி, அது திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரத்தை வைத்து மேடுபள்ளத்தை வரையும் முறைக்கு லைடார் என்று பெயர். அமெரிக்க அரசின் நிலவியல் துறை அந்தத் தரவுகளை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறது. வெள்ளச் சேதத்தைக் கணிக்க உதவும் அதே வரைபடம், கோல்ஃப் பிரியர்கள் கையில் மைதானமாகிவிடுகிறது.

இவ்வளவுக்கும் சேர்த்துப் பாருங்கள், இன்னும் 40,000 டாலர்கூட வரவில்லை. மீதி எங்கே போகிறது? மேலே. ஆறடி மனிதர் 45 அங்குல மட்டையைச் சுழற்ற ஒன்பது அடியாவது வேண்டும், பத்தடி இருந்தால் நிம்மதி. அமெரிக்க பேஸ்மென்ட்களின் உயரம் பெரும்பாலும் எட்டு அடி. கூரையை உயர்த்த முடியாது, அதன் மேல் வீடு இருக்கிறது. எனவே தரையை உடைத்து, மண்ணைத் தோண்டி, அஸ்திவாரத்துக்கு முட்டுக் கொடுத்து, மறுபடி கான்கிரீட் போட வேண்டும். ஏவல் அளவியின் விலையை இந்த இரண்டு அடிக் காற்று எளிதாகத் தாண்டிவிடும். கார் ஷெட்டில் கட்டுபவர்களுக்கு வேறு தலைவலி: கதவைத் தூக்கும் மோட்டாரும் தண்டவாளமும் மட்டை போகிற வழியிலேயே தொங்கும். அதைக் கழற்றிச் சுவரோரம் பொருத்த வேண்டும். இடக்கைக்கார மைத்துனர் ஒருவர் இருந்தால் பந்தை அறையின் நட்டநடுவில் வைக்க வேண்டும். அகலம் இன்னும் மூன்று அடி கூடும்.

சுவரிலும் கூரையிலும் ஒட்டும் பஞ்சு, அழகுக்காக மட்டும் இல்லை. மெல்லிய டைட்டானியம் முகம் கொண்ட மட்டை பந்தில் படும் ஓசை 120 டெசிபலைத் தாண்டக்கூடும். 55 வயது ஆட்டக்காரர் ஒருவருக்கு இதனால் காது மந்தமானதாக 2008 இறுதியில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் மருத்துவர்கள் எழுதினார்கள். அவர் ஆடியது திறந்தவெளியில். நான்கு சுவருக்குள் அந்த ஓசைக்கு ஓட இடமில்லை.

இத்தனையையும் வென்ற அறை தோற்பது எங்கே தெரியுமா? பந்து விழ வேண்டிய குழிக்குப் பக்கத்தில். மெதுவாகத் தட்டி உருட்டும் கடைசி அடியில், புல்தரையின் சரிவைக் காலால் உணர்ந்து, குனிந்து கண்ணால் அளந்துதான் மைதானத்தில் ஆடுகிறார்கள். அறையிலோ காலுக்குக் கீழே சமதளப் பாய், கண்ணுக்கு முன்னால் தட்டைத் துணி. தென்கொரியாவின் கோல்ஃப்ஸான் அரங்குகளில் நிற்கும் பலகையையே திரையிலுள்ள சரிவுக்கு ஏற்பச் சாய்க்கிறார்கள். வீட்டில் அதற்கு மறுபடி பணம். ஆகவே பலர் மென்பொருளில் ஓர் ஏற்பாடு செய்துகொள்கிறார்கள்: பந்து குழிக்கு ஆறடிக்குள் வந்துவிட்டால் விழுந்ததாக வைத்துக்கொள்ள வேண்டியது. நண்பர்கள் ஆட்டத்தில் இதற்கு 'கிம்மி' என்று பெயர். 60 லட்ச ரூபாய் அறையில் கணினி தன் பங்குக்கு ஓர் அடியைக் கூட்டி எழுதிக்கொண்டு, அடுத்த குழிக்குக் கூட்டிப்போய்விடுகிறது.