உங்களுக்குத் தெரியுமா? பாதிரியாரின் வீடும் பதிவேட்டில் அடங்காது

சாமுவேல் மார்ஸ்டன் 1794இல் நியூ சவுத் வேல்ஸில் குடியேறிய ஆங்கிலிகன் பாதிரியார். அங்கே அரசின் பிறப்பு, இறப்புப் பதிவு 1856 மார்ச்சில்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய குடும்பங்களைத் தேடுவோர் தேவாலயப் பதிவேடுகளைத்தான் முதலில் புரட்டுகிறார்கள். அவற்றை எழுதியவரே பாதிரியார்தானே, அவர் வீட்டு விவரம் முழுவதும் அங்கே இருக்காதா என்று கேட்கலாம். இருக்காது. மூத்த மகள் ஆன் பிறந்தது சிட்னியில் அல்ல, வழியில், 'வில்லியம்' கப்பலில். ஞானஸ்நானம் நடந்த ஊரே பிறந்த ஊர் என்று கொள்பவர் இங்கேயே தடம் மாறிவிடுவார். 1822இல் ஆன், தாமஸ் ஹாசல் என்ற இன்னொரு பாதிரியாரை மணந்தார். அதன்பின் மார்ஸ்டன் என்ற பெயரில் அவரைத் தேடிப் பயனில்லை.

இங்கே கைகொடுப்பது 1828 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. ஒருவர் சுதந்திரமாக வந்தவரா, கைதியாக வந்தவரா, அங்கேயே பிறந்தவரா, எந்தக் கப்பலில் எந்த ஆண்டு வந்தார் என்றெல்லாம் அது குறித்தது. வயதில் பிழைகள் மலிந்தது என்பார்கள், உண்மைதான். ஆனால் கப்பலும் ஆண்டும் தெரிந்தால் வயதைப் பிற ஆவணங்களோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளலாம். திருத்தவே முடியாத குறை வேறு: அந்த மண்ணின் பழங்குடி மக்களை அது எண்ணவே இல்லை.