மார்கழிக் காற்றும் என் இடது காலும்

மார்கழி பிறந்தால் போதும், புதுச்சேரியிலிருந்து அம்மாவின் வாட்ஸ்அப் விழித்துக்கொள்ளும். விடியற்காலை நாலரை மணிக்குக் கோலம் போட்டுப் படமெடுத்து அனுப்புவாள். கூடவே ஒரு செய்தியும் வரும். மார்கழி அதிகாலையில் ஓசோன் படலம் பூமிக்குப் பக்கத்தில் இறங்கி வருகிறதாம், அந்தக் காற்றைச் சுவாசித்தால் சகல நோயும் தீருமாம், அதனால்தான் முன்னோர்கள் அந்நேரத்தில் கோலம் போடச் சொன்னார்களாம். யார் எழுதியதோ, வருஷா வருஷம் சுற்றுகிறது. போன மார்கழியில் அதன் கீழே அம்மா தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்திருந்தாள்: "நீயும் பால்கனில நின்னு நல்லா மூச்சு இழுத்து விடு கண்ணு."

எனக்கு ஸ்ட்ராஸ்பூரில் அப்போது நள்ளிரவு. வெளியே மைனஸ் மூன்று டிகிரி. அப்பா சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அந்த வழியில் வந்த குடியுரிமையோடு படிக்க வந்தவள், ரைன் நதிப் பாலத்தைத் தாண்டினால் ஜெர்மனி என்கிற இந்த ஊரிலேயே தங்கிவிட்டேன். ஒரு பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஒன்பது வருஷமாக எம்.எஸ். நோயும் கூடவே இருக்கிறது. ஆக, ஓசோனைப் பற்றி அம்மாவோடு சண்டை போட எனக்கு இரண்டு தகுதி.

முதலில் வேதியியல் டீச்சராகப் பேசிவிடுகிறேன். புற ஊதாக் கதிரிலிருந்து நம்மைக் காக்கும் ஓசோன் படலம் தலைக்கு மேல் 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழிக்காக அது கீழே இறங்குவதில்லை. தரையில் நாம் மூச்சில் இழுக்கும் ஓசோன் பெரும்பாலும் வேறு வழியில் பிறந்தது. வண்டிப் புகையில் வரும் நைட்ரஜன் ஆக்சைடுகளும், பெட்ரோல், பெயின்ட், தின்னர் போன்றவற்றிலிருந்து கிளம்பும் ஆவிகளும் வெயிலில் வெந்து உண்டாவது அது. அடுப்பு சூரியன். அதனால் பிற்பகலில் பொங்கும். இரவில் புதிதாக உண்டாகாது, மிச்சம் இருப்பதையும் புகையிலுள்ள நைட்ரிக் ஆக்சைடு தின்று தீர்க்கும். ஊருக்குள் ஓசோன் மிகக் குறைவாக இருக்கும் நேரம் எதுவென்றால், அம்மா கோலம் போடும் நேரம்தான்.

தரையில் இருக்கும் ஓசோன் மருந்தும் அல்ல. எட்டு மணி நேரச் சராசரி கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியா வைத்திருக்கும் வரம்பும் அதே 100தான்.

இனி நோயாளியாகப் பேச வேண்டும். டாக்டர் நோயின் பெயரைச் சொன்ன அன்று அம்மாவுக்குப் போன் போட்டேன். "எம்.எஸ்.ஸா? பாட்டுக்காரம்மா பேரால்ல இருக்கு" என்றாள். சிரித்தோம்; பிறகு இரண்டு பேரும் அழுதோம். மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் என்பது முழுப்பெயர். 1868இல் பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் ழான் மார்த்தேன் ஷார்கோ இதைத் தனி நோயாகப் பிரித்துக் காட்டினார். உடம்பின் நோய் எதிர்ப்புச் செல்கள் திசைமாறிப்போய் மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பைச் சுற்றியுள்ள மயலின் என்ற கொழுப்புறையைத் தாக்குகின்றன. மின்கம்பியின் மேலுறை உரிந்த மாதிரி என்று எல்லாரும் சொல்வார்கள். வேறு உவமை தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை. உலகத்தில் 28 லட்சம் பேருக்கு மேல் இந்த நோயோடு இருக்கிறார்கள். ஆண்களைவிடப் பெண்கள் குறைந்தது இரண்டு மடங்கு. பெரும்பாலும் இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் ஆரம்பிக்கும்.

எனக்கு அது கழுத்தில் ஆரம்பித்தது. கீழே விழுந்த சாக்பீஸை எடுக்கத் தலையைக் குனிந்தேன். பிடரியிலிருந்து முதுகு வழியாக இடது குதிகால் வரைக்கும் சுரீரென்று ஒரு ஷாக். நிமிர்ந்தால் போய்விட்டது. மறுபடி குனிந்தேன், மறுபடி ஷாக். வேண்டுமென்றே நாலைந்து தடவை செய்து பார்த்தேன், பரிசோதனைக்கூடப் புத்தி. முதலில் பார்த்த டாக்டர் வேலை டென்ஷன் என்று அனுப்பிவிட்டார். அதற்கு லெர்மித் குறி என்று பெயர் இருக்கிறது, 1920களில் அதை விவரித்த ழான் லெர்மித் ஒரு பிரெஞ்சுக்காரர் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்தது.

இந்த நோய் பெரும்பாலானவர்களுக்குத் தொடர்ந்து ஏறுவதில்லை. விட்டுவிட்டுத் தாக்கும். மாதக்கணக்கில் அமைதி, திடீரென ஒரு தாக்குதல், பிறகு முழுக்கவோ அரைகுறையாகவோ தேறுதல். என் மூன்றாவது தாக்குதல் ஒரு ஜூலையில் வந்தது. இடது கால் தரையை உரசிக்கொண்டு நடந்தது. செருப்பின் முன் ஓரம் ஒரே வாரத்தில் தேய்ந்துவிட்டது. அந்த வாரம் முழுக்க நெடுஞ்சாலைப் பலகைகளில் ஓசோன் எச்சரிக்கை. வண்டிகளை மணிக்கு 20 கிலோமீட்டர் குறைத்து ஓட்டச் சொல்லியிருந்தார்கள். பிரான்சில் ஒரு மணி நேர அளவு 180 மைக்ரோகிராமைத் தொட்டால் மக்களுக்கு அறிவிக்க வேண்டும் என்பது விதி. மேற்கே வோஜ் மலை, கிழக்கே கருங்காட்டு மலை, நடுவில் தொட்டி மாதிரி நாங்கள். காற்று அசையாத கோடையில் தொட்டி நிரம்பிவிடும்.

அப்போதுதான் ஓசோனுக்கும் என் காலுக்கும் சம்பந்தம் இருக்குமோ என்ற சந்தேகம் வந்தது. கோடு போட்ட நோட்டு ஒன்றில் தினமும் இரண்டு எண் எழுதினேன். ஒன்று, இந்த வட்டாரத்துக் காற்றை அளக்கும் ஆத்மோ கிராண்ட் எஸ்ட் தரும் ஓசோன் அளவு. இன்னொன்று, என் இடது காலுக்கு நானே பத்துக்குப் போட்ட மார்க். மூன்று மாதத்தில் படம் அழகாக வந்தது: ஓசோன் ஏற, கால் மார்க் இறங்க. பெருமையோடு நரம்பு மருத்துவரிடம் நீட்டினேன்.

அவர் நோட்டைப் புரட்டிவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "கால் மோசமான நாட்களில், ராத்திரி குளிர்ந்ததும் சரியாகிவிடுமா?" ஆமாம். "அப்படியானால் இதில் பாதிக்கு மேல் வெயில்."

1890இல் வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் கவனித்த விஷயம் அது. உடம்புச் சூடு அரை டிகிரி கூடினாலே போதும், உறை தேய்ந்த நரம்பில் சமிக்ஞை தடுமாறும், குளிர்ந்தால் சீராகும். எம்.ஆர்.ஐ. வருவதற்கு முன் சந்தேகப்பட்டவர்களை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்து நோயைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அது புதுத் தாக்குதல் அல்ல, பழைய தழும்பின் முனகல். மெய்யான தாக்குதல் என்றால் காய்ச்சல் எதுவுமில்லாமல் 24 மணி நேரத்துக்கு மேல் நீடிக்க வேண்டும்.

இதுதான் ஓசோனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில் உள்ள பெரிய தொல்லை. அது தனியாக வருவதே இல்லை. வெயிலின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வரும். எம்.எஸ்.காரர்களுக்கு வெயில் பகை மட்டுமல்ல, நட்பும்கூட. பூமத்திய ரேகையைவிட்டு விலகிப் போகப் போக இந்த நோய் பொதுவாகக் கூடுகிறது, வைட்டமின் டி குறைவு அதற்கொரு காரணமாகப் பேசப்படுகிறது. ஓசோனைச் சமைக்கும் அதே சூரியன்தான் வைட்டமினையும் சமைக்கிறது. என் நோட்டால் இவற்றைப் பிரிக்க முடியாது.

ஆனால் என் நோட்டைவிட நல்ல நோட்டு ஒன்று இதே ஊரில் இருந்தது. 2018இல் வெளியான ஆய்வு அது. 2000 முதல் 2009 வரை ஸ்ட்ராஸ்பூர்ப் பகுதியில் இருந்த 400க்கும் மேற்பட்ட எம்.எஸ். நோயாளிகளின் தாக்குதல் தேதிகளை எடுத்து, அவரவர் குடியிருந்த இடத்தின் காற்றோடு பொருத்திப் பார்த்தார்கள். இதில் எனக்குப் பிடித்தது அந்த முறை. ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடவில்லை. தாக்குதல் வந்த நாளை, அதே ஆளுக்குத் தாக்குதல் வராத பக்கத்து நாட்களோடு ஒப்பிட்டார்கள். வயது, மரபணு, சிகரெட், சம்பளம் எல்லாம் ஒரே ஆளுக்குள் சமமாகிவிடுகின்றன அல்லவா? முடிவு: குளிர்காலத்தில் நுண்தூசிக்கும் நைட்ரஜன் டை ஆக்சைடுக்கும் தொடர்பு தெரிந்தது, வெயில் காலத்தில் ஓசோனுக்கு. பெரிய அளவு இல்லை. இல்லவே இல்லை என்று ஒதுக்கும் அளவும் இல்லை.

சரி, மூச்சில் போகும் வாயுவுக்கும் முதுகுத்தண்டுக்கும் என்ன சம்பந்தம்?

இங்கே வேதியியல் டீச்சருக்கு ஒரு பொறி வைக்கப்பட்டிருக்கிறது. நானும் விழுந்தேன். ஓசோனைக் கண்டறிந்தவர் எங்களிடமிருந்து ஒன்றேகால் மணி நேர ரயில் தூரத்தில் இருக்கும் பாசலில் பேராசிரியராக இருந்த ஷ்யோன்பைன். 1839இல் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சியபோது ஒரு விசித்திர வாடை வந்தது. மணத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையே பெயராக வைத்தார். பழைய ஜெராக்ஸ் கடையில் வருமே, அந்த வாடை. நூறு வருஷம் கழித்து லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் கண்ணெரிச்சல் தரும் பனிப்புகையில் மூழ்கியபோது, டயர்கள் சீக்கிரமே வெடிப்புவிட்டன. அன்னாசிப்பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஹாகன் ஸ்மிட் என்பவர் அந்த வேலையை ஓரம் வைத்துவிட்டு இதில் இறங்கி, 1950களின் தொடக்கத்தில் வண்டிப் புகையும் வெயிலும் சேர்ந்து ஓசோன் செய்வதை நிறுவினார். ரப்பரை இழுத்து வைத்தால் எவ்வளவு நேரத்தில் விரிசல் விடுகிறது என்பதே அன்றைக்கு ஓசோன் அளவுகோல். ரப்பரில் கார்பன் இரட்டைப் பிணைப்புகள் உண்டு, ஓசோன் அவற்றை வெட்டும். கொழுப்பிலும் அந்தப் பிணைப்புகள் உண்டு. மயலினில் பெரும்பகுதி கொழுப்பு. ஆகவே ஓசோன் மயலினை வெட்டுகிறது! கரும்பலகையில் எழுதினால் கைதட்டல் கிடைக்கும்.

தப்பு. ஓசோன் அவ்வளவு தூரம் போவதே இல்லை. மூச்சுக்குழாயின் ஈரப்படலத்தைத் தொட்டவுடன் அங்கிருக்கும் கொழுப்போடும் புரதத்தோடும் வினைபுரிந்து தீர்ந்துபோகிறது. நரம்பு வரைக்கும் போவது, அது நுரையீரலில் கிளப்பிவிட்ட கலவரத்தின் செய்தியாகத்தான் இருக்க வேண்டும். அழற்சியை மூட்டும் பொருட்கள் ரத்தத்தில் கலக்கின்றன. இந்த இடத்தில்தான் ஜெர்மனியின் கோட்டிங்கனில் எலிகளை வைத்துச் செய்த ஒரு பரிசோதனை என் தூக்கத்தைக் கெடுத்தது. 2012இல் வந்தது. மயலினைத் தாக்கும் டி செல்கள் நேராக மூளைக்குப் போகவில்லை. வழியில் நுரையீரலில் தங்கி, மூளைக்குள் நுழையும் திறனை அங்கே பெற்றுக்கொண்டுதான் கிளம்பின. பாஸ்போர்ட் ஆபீஸ் நெஞ்சுக்குள் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புகையிலையும் அதே திசையைக் காட்டுகிறது. சிகரெட் எம்.எஸ். வாய்ப்பைக் கூட்டும். ஆனால் 2009இல் சுவீடன்காரர்கள் பார்த்தபோது, அவர்கள் உதட்டுக்கடியில் அதக்கிவைக்கும் ஸ்நூஸ் புகையிலை கூட்டவில்லை. நிக்கோடின் இரண்டிலும் உண்டு. வித்தியாசம் நுரையீரல் எரிச்சலில்தான்.

இதுவரை சொன்னது தாக்குதலைத் தூண்டுவது பற்றி. நோயையே உண்டாக்குவது வேறு கேள்வி; அங்கே சாட்சிகள் முட்டிக்கொள்கிறார்கள். கனடாவின் ஒன்டாரியோவில் பெரிய மக்கள்தொகையைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2018இல் வெளியிட்டார்கள். நுண்தூசி, நைட்ரஜன் டை ஆக்சைடு, ஓசோன் எதற்கும் புதிதாக எம்.எஸ். வருவதோடு தெளிவான தொடர்பு தெரியவில்லை. 2022இல் அமெரிக்காவில் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு வேறு மாதிரி சொன்னது. ஓசோன் குறைந்த இடங்களைவிட அதிகமுள்ள இடங்களில் வளர்ந்தவர்களுக்குச் சிறுவயது எம்.எஸ். வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு. இந்த நோயோடு நெடுநாளாகப் பேசப்படும் ஒரு மரபணு வகையும் சேர்ந்தால் இன்னும் கூடியது. பிஞ்சு வயது நுரையீரல் வேறு மாதிரி நடந்துகொள்கிறதா, மரபணுவையும் சேர்த்துப் பார்த்ததால் தெரிந்ததா? எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை அதிகம். அதே 2022இல், ஒரு கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படைவீரர்களின் ரத்த மாதிரிகளிலிருந்து, எப்ஸ்டீன் பார் வைரஸ் தொற்றியபின் எம்.எஸ். வாய்ப்பு 32 மடங்கு ஏறுவதை ஹார்வர்டுக்காரர்கள் காட்டினார்கள். அந்த 32க்குப் பக்கத்தில் ஓசோனின் எண்கள் சுண்டைக்காய். திரி வைரஸ் என்றால், ஓசோன் அதிகபட்சம் திரியை ஊதிவிடும் காற்று.

இன்னொரு கூத்தும் உண்டு. பெரிய சாலையோரம் குடியிருப்பவர்களுக்கு எம்.எஸ். கூடவில்லை என்று ஒன்டாரியோவிலிருந்தே 2017இல் ஓர் ஆய்வு வந்ததும், "அப்பாடா, காற்றுக்குச் சம்பந்தமில்லை" என்றாள் என் தோழி. ஓசோனுக்கு அது பொருந்தாது. சாலையோரத்தில்தான் ஓசோன் குறைவு, புகை அதைத் தின்றுவிடுகிறது. காற்றடிக்கும் திசையில் பல கிலோமீட்டர் தள்ளி, மரமும் மலையுமாக இருக்கும் இடத்தில்தான் அது தேங்கும். இது புரியாத நாட்களில் கோடை விடுமுறைதோறும் சுத்தக் காற்றைத் தேடி வோஜ் மலையேறியவள் நான். அங்கே தொனோன் மலையில் காற்றை அளக்கும் நிலையம் ஒன்று இருக்கிறது. சராசரி ஓசோன் ஸ்ட்ராஸ்பூர்க் கடைத்தெருவைவிட அங்கே அதிகம். இப்போதும் போகிறேன், பைன் மர வாசனைக்காக.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மாவுக்கு விளக்கினேன். படலம் இறங்காது, அதிகாலையில் ஓசோனே இருக்காது, இருந்தாலும் அது நல்லதல்ல, வாட்ஸ்அப் செய்தி சுத்தப் பொய். அம்மா குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு, "அப்போ விடியக்காலைல அந்தக் கெட்ட காத்து இருக்காதுன்ற?"

"இருக்காதும்மா."

"அதத்தானடி நானும் சொல்றேன். அந்நேரத்துல நடந்துட்டு வா."

மறுக்க வழியில்லை. போன ஜூலையில் எச்சரிக்கை வந்த வாரம் முழுக்க ஆறு மணிக்கே கால்வாய்க் கரைக்குக் கிளம்பினேன். வீட்டிலிருந்து மூன்றாவது பெஞ்சு வரைக்கும் 640 அடி. நோட்டில் இப்போது மூன்றாவதாக ஒரு பத்தி: வெப்பநிலை. செருப்பின் முன் ஓரத்தையும் ஞாயிறுதோறும் திருப்பிப் பார்த்துக்கொள்கிறேன்.