மூடினால் நோட்டு, திறந்தால் குடில்!



டிசம்பர் வந்தாலே நம்ம தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் வாசலுக்கு வாசல் நட்சத்திரம் தொங்கும். உள்ளே குடில் வைப்பாங்க. ஆனா ஒரே ரூம் உள்ள வாடகை வீட்டில் குடிலுக்கு ஏது இடம்? சத்திரத்தில் இடம் இல்லாமல் மாட்டுத் தொழுவத்தில் பிறந்தவருக்கு நம்ம வீட்டிலும் இடம் இல்லைன்னு சொல்ல மனசு வருமா? அதற்கு ஒரு நல்ல வழி, காகிதக் குடில்!

கொஞ்சம் வரலாறு: 1223-ல் இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் புனித பிரான்சிஸ் அசிசியார் நிஜ மாடு, கழுதையோடு குடில் அமைத்தார். 1780-களில் ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் ஜோசப் தேவாலயங்களில் குடில் வைக்கத் தடை போட்டார். ஜனங்க விட்டாங்களா? வீட்டுக்குள்ளேயே வைச்சாங்க. ஏழை வீடுகளில் காகிதத்தில் வரைந்து வெட்டி வைச்சாங்க. பிற்காலத்தில் செக் நாட்டு ஓவியர் குபாஷ்டா (1914–1992) திறந்தால் எழுந்து நிற்கும் காகிதக் குடில்களைச் செய்து புகழ் பெற்றார்.

எந்தப் படத்தைப் பார்த்துச் செய்யலாம்? நான் எடுத்துக்கொண்டது ஜியோத்தோ என்ற ஓவியர் சுமார் 1305-ல் பதுவை நகரச் சிற்றாலயத்தில் வரைந்த மூன்று ராஜாக்கள் படம். அதில் நட்சத்திரத்துக்கு வால் இருக்கும்! 1301-ல் தெரிந்த ஹாலி வால்நட்சத்திரத்தை அவர் பார்த்திருப்பார் என்கிறார்கள். அதனால்தான் 1986-ல் ஹாலியை ஆராயப் போன ஐரோப்பிய விண்கலத்துக்கு ஜியோத்தோ என்றே பெயர் வைச்சாங்க.

செய்முறை:

1. 30 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம் உள்ள கெட்டி அட்டையை 15 செ.மீ.-ல் பாதியாக மடியுங்கள். ஒரு பாதி சுவர், மறுபாதி தரை. சுவரில் வானமும் வால்நட்சத்திரமும் வரையுங்கள்.

2. உருவங்களைப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் வரைந்து வெட்டுங்கள். காலடியில் 1 செ.மீ. மடித்து, மடிப்புக் கோட்டிலிருந்து 6 செ.மீ. தள்ளித் தரையில் ஒட்டுங்கள்.

3. அதே 6 செ.மீ. நீளத்துக்கு ஒரு காகிதப் பட்டை (ஒட்ட இரு முனையிலும் 1 செ.மீ. கூடுதல்). ஒரு முனை உருவத்தின் முதுகில் 4 செ.மீ. உயரத்தில், மறுமுனை சுவரிலும் 4 செ.மீ. உயரத்தில். அவ்வளவுதான்!

இது எப்படி மடங்குது? சுவர், தரை, உருவம், பட்டை நாலும் சேர்ந்தா நம்ம கணக்குப் பாடத்து இணைகரம்! எதிர்ப்பக்கங்கள் சமம் என்பதால் அட்டை மூடும்போது தானே படுத்துவிடும். பட்டை ஒரு பக்கம் ஏறி இறங்கினால் உருவம் சாய்ந்து நிற்கும்.

முக்கியமான விஷயம்: தள்ளி ஒட்டும் தூரத்தையும் உருவத்தின் உயரத்தையும் கூட்டினால் 15 செ.மீ.-க்குக் குறைவாக இருக்கணும். இல்லாவிட்டால் மூடும்போது ராஜாவின் கிரீடம் வெளியே நீட்டும்! 3 செ.மீ. தள்ளி நிற்கும் தொழுவம் 11 செ.மீ. வரை உயரலாம். 9 செ.மீ. தள்ளி இருப்பவர் 5 செ.மீ.தான். அதனால் முன்னால் இருப்பவர் மண்டியிட்டே ஆகணும். ஜியோத்தோ படத்திலும் மூத்த ராஜா மண்டியிட்டுத்தான் குழந்தையை வணங்குகிறார்!

ஜியோத்தோ வரைந்த முகங்கள் இத்தாலி முகங்கள். அக்பர் அரண்மனை ஓவியர்கள்கூட ஐரோப்பாவிலிருந்து வந்த மாதா படங்களைப் பார்த்து, தங்கள் பாணியிலும் வரைந்தார்கள். அப்போ நம்ம மரியாள் நூல் சேலை கட்டக் கூடாதா? மேய்ப்பர் லுங்கி கட்டக் கூடாதா? பின்னால் பரங்கிமலையை வரையலாம். தாம்பரத்தில் ரயில் ஏறினா ஏழாவது ஸ்டேஷன். அங்கே 1523-ல் போர்ச்சுகீசியர் கட்டிய கோயிலே, பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கும் மாதா பெயரில்தான் இருக்கு.

அரைப் பரீட்சை லீவில் செய்து பாருங்கள். எந்த மதத்து நண்பர் வீட்டுக்கும் பைக்குள் வைத்துக் கொண்டுபோய்த் திறந்து காட்டலாம்!