மரடோனாவை எங்கிருந்து வெட்டுவது? அசத்தும் கேக்குகளும் அந்த மினுமினுப்புத் தூளும்!

2020 டிசம்பர். ராமநாதபுரத்தில் ஒரு பேக்கரியில் மரடோனா நின்றுகொண்டிருந்தார். ஆறடி உயரம். முழுக்க கேக்! அந்த ஆண்டு நவம்பர் 25-ம் தேதி மறைந்த கால்பந்து ஜாம்பவானுக்கு நம் ஊர் பேக்கரிக்காரர்கள் செலுத்திய அஞ்சலி அது. 60 கிலோ சர்க்கரை, 270 முட்டை, நான்கு நாள் உழைப்பு. கிறிஸ்துமஸ், புத்தாண்டு சமயத்தில் இப்படி ஆள் உயர கேக் வைப்பது அவர்களுக்கு வழக்கம்தான். இளையராஜா, அப்துல் கலாம், பாரதியார் எல்லாம் ஏற்கெனவே அங்கே கேக்காக நின்றவர்கள்.

படத்தைப் பார்த்ததும் எனக்கு வந்த முதல் சந்தேகம், இவரை எங்கிருந்து வெட்ட ஆரம்பிப்பது? மூக்கிலிருந்தா, காலிலிருந்தா? யாருக்குக் கத்தி வைக்க மனசு வரும்?

அதே 2020 ஜூலையில் இணையமே வேறொரு கேக் பித்தில் இருந்தது. இஸ்தான்புல்லைச் சேர்ந்த துபா கெச்கில் என்ற கேக் கலைஞரின் வீடியோ அது. ரப்பர் செருப்பு, டாய்லெட் பேப்பர் ரோல், பூந்தொட்டி என வரிசையாக வரும். கத்தியை வைத்தால் உள்ளே கேக்! ஊரடங்கில் வீட்டுக்குள் அடைந்து கிடந்த பலர், 'நானும் கேக்தானோ' என்று தங்களையே கலாய்த்துக்கொண்டார்கள். 2022-ல் நெட்ஃப்ளிக்ஸ் இதையே ஒரு போட்டி நிகழ்ச்சியாக்கியது.

இந்த மாயத்துக்கெல்லாம் அடிப்படை ஃபாண்டன்ட். சர்க்கரைத் தூளோடு குளுக்கோஸ், ஜெலட்டின், கிளிசரின் சேர்த்துப் பிசையும் மாவு. சப்பாத்தி போலத் தேய்த்து, கேக் மேல் போர்த்தி, தடவித் தடவி உருவம் கொண்டுவருவார்கள். பார்க்க அழகு, வாயில் போட்டால் வெறும் இனிப்பு ரப்பர். பிறந்தநாள் வீடுகளில் பார்த்திருப்பீர்கள், பிள்ளைகள் யூனிகார்னின் தோலை உரித்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் சாப்பிடுவார்கள். நம் ஊர் புழுக்கத்தில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பத்தாவது நிமிடம் அதற்கு வேர்க்க வேறு ஆரம்பித்துவிடும்.

உயரமான கேக் தன்னால் நிற்காது. உள்ளே குச்சி, அட்டை, சில நேரம் கம்பி இருக்கும். சர்க்கரைப் பூக்களின் காம்பிலும் மெல்லிய கம்பி உண்டு. ரிசப்ஷன் மேடையில் ஐந்து அடுக்கு கேக் நின்றால், மேல் அடுக்குகள் தெர்மாகோலாக இருக்கலாம். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, தொழிலே அப்படித்தான்.

ஆனால், 'சாப்பிட மனசு வரவில்லை' என்பதும் 'சாப்பிடவே கூடாது' என்பதும் வேறு வேறு. கேக்குக்குத் தங்க நிறம், ரோஸ் கோல்டு, வெள்ளி மினுக்கு கொடுக்கும் தூளில்தான் சிக்கல். பேக்கிங் செய்பவர்கள் அதை லஸ்டர் டஸ்ட் என்பார்கள்.

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாகாணத்தில் 2018-ல் ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாள். பேக்கரியில் ஆர்டர் கொடுத்து வாங்கிய கேக், மேலே ரோஸ் கோல்டு பூச்சு. கேக் சாப்பிட்ட ஆறு குழந்தைகளுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. பரிசோதித்தபோது, மினுமினுத்தது செம்புத் தூள் என்று தெரியவந்தது! அடுத்த ஆண்டு மிசௌரி மாகாணத்தில் ஒரு வயதுக் குழந்தையின் ரத்தத்தில் ஈயம் அதிகமாக இருந்தது. எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், வீட்டிலேயே ஆசையாகச் செய்த பிறந்தநாள் கேக். அதில் தூவிய மஞ்சள் தூளில் ஈயம். இரண்டையும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2021-ல் அறிக்கையாக வெளியிட்டது.

இரண்டுமே முதல் பிறந்தநாள் கேக். படிக்கும்போது அதுதான் உறுத்தியது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. டப்பாவில் 'நான்-டாக்ஸிக்' என்று போட்டிருந்தால் நாம் என்ன நினைப்போம்? விஷமில்லை, அப்படியென்றால் சாப்பிடலாம் என்றுதானே! அங்கேதான் தவறு. பிள்ளைகளின் கிரேயான் டப்பாவில்கூட அந்த வார்த்தை இருக்கிறது. அதற்காக கிரேயானைத் தின்னச் சொல்வோமா? சாப்பிடலாம் என்றால் 'எடிபிள்' என்று தெளிவாகப் போட்டிருக்க வேண்டும், சேர்மானப் பட்டியலும் இருக்க வேண்டும். 'அலங்காரத்துக்கு மட்டும்' என்று இருந்தால் அது பார்க்க மட்டும்தான்.

இனிப்புக் கடையில் காஜு கத்லி மேல் ஒட்டும் வெள்ளித் தாளுக்கே, 1,000 பங்கில் 999 பங்கு சுத்த வெள்ளியாக இருக்க வேண்டும் என்று நம் நாட்டில் உணவுச் சட்டம் சொல்கிறது. கேக் மேல் தூவுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்டால் குற்றமில்லை. வீட்டில் கேக் செய்து தரும் அக்காவிடம் ஆர்டர் கொடுக்கும்போதே, 'தங்கத் தூள் போடுவீங்களா, அந்த டப்பாவை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்களேன்' என்று சொல்லிப் பாருங்கள். நல்ல பேக்கர் கோபித்துக்கொள்ள மாட்டார். எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 14 இலக்க எண்ணையும் பார்த்துக்கொள்ளலாம். வெட்டுவதற்கு முன் கம்பிப் பூ, குச்சி, பொம்மை எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் குழந்தை கையில் துண்டைக் கொடுங்கள்.

கடைசிவரை யாருமே சாப்பிடாத கேக்கும் உலகத்தில் உண்டு. 1981-ல் நடந்த சார்லஸ் - டயானா திருமணத்தின் கேக்கில் ஒரு துண்டு, அரண்மனை ஊழியர் ஒருவருக்குக் கிடைத்தது. மேலே அரச முத்திரை பதித்த ஐசிங். அவர் அதைச் சாப்பிடாமல் பழைய கேக் டப்பாவில் பத்திரப்படுத்தினார். 40 ஆண்டுகள் கழித்து, 2021 ஆகஸ்டில் அது 1,850 பவுண்டுக்கு ஏலம் போனது. நம் பணத்தில் ஏறக்குறைய 1.9 லட்சம் ரூபாய். ஒரு துண்டு கேக்குக்கு!