எங்கள் ஆமைக் கம்ப்யூட்டர்



நம் பள்ளியில் இருக்கும் பழைய விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரை எல்லோரும் "ஆமை" என்றுதான் சொல்வோம். ஒரு படத்தைத் திறப்பதற்குள் பாதி பீரியட் போய்விடும். "இது தேறாது, எடைக்குப் போட்டுடலாம்" என்று பேச்சு வந்தது. எனக்குப் பகீரென்றது. என் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. நான் டைப் செய்யப் பழகியதே இதில்தான். மிஸ்ஸிடம் கேட்டேன். "ஃபைல் எல்லாம் சிதறிக் கிடக்கும்மா, டீஃப்ராக் பண்ணிப் பார்ப்போம்" என்றார்.

அது என்ன? என் ரஃப் நோட்டைப் பாருங்கள். ஒரு கணக்கை 5ஆம் பக்கத்தில் தொடங்குவேன். அடுத்த பக்கத்தில் இடம் இருக்காது. மீதியை 23இல் எழுதுவேன், விடை 40இல் இருக்கும். படிக்கணும்னா நோட்டு முழுக்கப் புரட்டணும். ஹார்டு டிஸ்க்கும் இப்படித்தான். ஃபைல்களை அழித்து அழித்து எழுதும்போது, கிடைத்த காலியிடங்களில் புது ஃபைலைத் துண்டு துண்டாக வைக்கிறது. உள்ளே தட்டு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுற்றும். அதைத் தொடாமல் ஒரு முனை அங்கும் இங்கும் ஓடித் துண்டுகளைப் படிக்கும். ஓட்டம் கூடினால் நேரமும் கூடும். துண்டுகளை அடுத்தடுத்து வைப்பதுதான் டீஃப்ராக்மென்ட்.

நாங்கள் செய்தது:

1. முக்கியமான ஃபைல்களைப் பென் டிரைவில் காப்பி எடுத்தோம். நடுவில் கரண்ட் போனால் என்ன செய்வது?

2. டிஸ்க்கில் 15 சதவீதம் காலியாக இருக்க வேண்டும். 40 ஜிபிக்கு 6 ஜிபி. எங்களிடம் 2தான் இருந்தது. அக்காக்களின் ஆண்டு விழாப் படங்களை அழிக்க மனசு வரவில்லை, வேறு இடத்துக்கு மாற்றினோம்.

3. மை கம்ப்யூட்டரில் சி டிரைவை ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ், டூல்ஸ், டீஃப்ராக்மென்ட் நவ் போனோம். முதலில் அனலைஸ். சிவப்புக் கோடு என்றால் சிதறியவை, நீலம் ஒழுங்கானவை, வெள்ளை காலியிடம். ஒரே சிவப்பு!

மதியம் தொடங்கியது, பள்ளி விடும் மணி வரை ஓடியது. சிவப்பு குறைந்து நீலம் கூடியதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முன்பு ஆன் ஆக 5 நிமிடம், இப்போது 3. முயல் ஆகவில்லை, ஆனால் எடைக்கும் போகவில்லை!

ஒரு எச்சரிக்கை: புதிய லேப்டாப்களில் இருக்கும் எஸ்எஸ்டிக்கு இதைச் செய்யாதீர்கள். அதில் சுற்றும் தட்டே இல்லை. வீணாக எழுதி எழுதி அதன் ஆயுள்தான் குறையும். எக்ஸ்பிக்குப் பாதுகாப்பு அப்டேட் 2014உடன் நின்றுவிட்டதால், நம் ஆமையில் இன்டர்நெட் மட்டும் வேண்டாம்.

டைப் பழக நினைப்பவர்கள் மதிய இடைவேளையில் வாங்க. வேண்டாத ஃபைலைப் போட்டு நிரப்பாதீங்க!



– 9ஆம் வகுப்பு மாணவி