தகரப் பெட்டிக்கு மறுபிறவி

டெல்லியின் நேரு பிளேஸோ, மும்பையின் லேமிங்டன் ரோடோ, கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடைகளில் அந்தத் தகரப் பெட்டியைத் தெரியாதவர் கிடையாது. எஸ்.எம்.பி.எஸ். என்றால் பையனே எடுத்துக் கொடுப்பான். கம்ப்யூட்டர் காலாவதியான பிறகும் அதற்கு மின்சாரம் தந்த பெட்டி பல சமயம் உயிரோடு இருக்கிறது. காயலான் கடைக்குப் போக வேண்டிய அது, 12 வோல்ட் எல்.இ.டி. பட்டைகளை எரியவைக்கத் தோதானது.

சூட்சுமம் ஒயர்களின் நிறத்தில். 1995இல் இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். முறைப்படி மஞ்சளில் 12 வோல்ட், சிவப்பில் 5. பச்சையைக் கறுப்போடு சேர்த்தால் கம்ப்யூட்டர் இல்லாமலே விசிறி சுழலும். மஞ்சளும் கறுப்பும் பட்டைக்குப் போனால் வெளிச்சம்.

ஆனால் பழைய பெட்டிகளுக்கு 5 வோல்ட் மீதுதான் கண். அங்கே சுமை இல்லாவிட்டால் 12 வோல்ட் தளர்ந்துவிடும், விளக்கு மங்கும். சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே 10 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை வைப்பது வழக்கமான வைத்தியம். அரை ஆம்பியர் வீணாகத்தான் போகிறது. அது சுடும் என்பதால் ஒயர்களிலிருந்து தள்ளி வைக்க வேண்டும்.

மேலே 250 வாட் என்று எழுதியிருப்பதை நம்பி ஏமாறுபவர்கள் உண்டு. பென்டியம் காலத்துப் பெட்டிகளில் அதில் பெரும்பங்கு 5 வோல்ட்டுக்கும் 3.3 வோல்ட்டுக்கும்தான். மீட்டருக்கு 14.4 வாட் இழுக்கும் பட்டை 5 மீட்டர் என்றால் 6 ஆம்பியர் தேவை. லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே உள்ள ஆம்பியர்தான் கணக்கு.

உயிர் விஷயம் வேறொன்று. 230 வோல்ட் உள்ளே சுமார் 325 வோல்ட் டி.சி.யாக மாறிக் கண்டென்சர்களில் தங்குகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் இருக்கும். மூடியைத் திறக்காமலே வேலையை முடிப்பதுதான் புத்திசாலித்தனம். எர்த் இல்லாத வீடுகளில் பெட்டியைத் தொட்டால் சுருக்கென்று அடிப்பதும் கற்பனை அல்ல. மூன்று பின் பிளக்கும் ஒழுங்கான எர்த்தும் வேண்டும்.

பூஜை அறைக்கு ஒரு மீட்டர் பட்டை போட இவ்வளவு பாடு தேவையில்லை. அதற்குச் சின்ன அடாப்டரே போதும், விசிறிச் சத்தமும் இராது. கடை ஷோகேஸ் முழுக்க விளக்கு போடுபவருக்குத்தான் இந்தப் பெட்டி லாபம். அதிலும் துளை வழியே பார்க்கும்போது கண்டென்சரின் தலை உப்பியிருந்தால், அந்தப் பெட்டியைப் பதிவு பெற்ற மின்கழிவு மையத்துக்கே அனுப்பிவிடலாம்.